சொல்லைப் பிரித்த உபாத்தியாயர்

நோவா வெப்ஸ்டர் 1758-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கனெக்டிகட் பகுதியில், ஒரு குடியானவரின் மகனாகப் பிறந்தார். பையனுக்குப் படிப்பில் இருந்த நாட்டத்தைக் கண்ட தகப்பனார், நிலத்தை அடமானம் வைத்து யேல் கல்லூரிக்கு அனுப்பினார். 1778-ல் பட்டம் பெற்று வந்த மகனிடம் எட்டு டாலர் காகிதப் பணத்தைக் கொடுத்து, இனி அவர் பாட்டை அவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கூறிவிட்டார்.

வயிற்றுப்பாட்டுக்காக வெப்ஸ்டர் உபாத்தியாயரானார். பிள்ளைகள் நீண்ட சொற்களைக் கண்டதும் திணறினார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார்.

அங்கே வழங்கிய பாடநூல் இங்கிலாந்தின் டில்வொர்த் என்பவர் எழுதியது. பழக்கம் என்று பொருள்படும் 'ஹாபிட்' என்ற சொல்லை அது முதல் உயிரெழுத்தோடு வெட்டியது. ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் முடியும் அசை பெரும்பாலும் நீண்டு ஒலிக்கும். ஆகவே அதைப் பார்க்கும் பிள்ளை 'ஹே-பிட்' என்றுதான் வாசிக்கும். வெப்ஸ்டர் அடுத்த மெய்யையும் முதல் அசையோடு சேர்த்தார். 'ஹாப்-இட்' என்று உச்சரிப்பு தானே வந்தது. 'நேஷன்' என்பதன் கடைசி ஓரசையைப் பழைய நூல் இரண்டாக்கியிருந்தது; அதையும் ஒன்றாக்கினார்.

ஓரசை, ஈரசை, மூவசை என்று படிப்படியாகச் சொற்களை அடுக்கி, 1783-ல் ஹார்ட்ஃபோர்டில் நூலை வெளியிட்டார். டில்வொர்த்தின் ஆவி என்ற புனைபெயரில் ஒருவர் பத்திரிகையில் அவரைத் தாக்கினார். ஆனாலும் நீல அட்டைப் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. அதன் உரிமையைக் காக்க அவர் மாநிலம் மாநிலமாக அலைந்து சட்டம் கோரினார்.

பிறகு அகராதி வேலையில் இறங்கினார். சுமார் இருபது பாஷைகளைப் பயின்று, சொற்களின் வேர்களைத் தேடினார். எழுபதாயிரம் சொற்கள் கொண்ட அகராதி 1828-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபது. அவர் காட்டிய வேர்களில் பல தவறானவை. 1864-ஆம் ஆண்டுப் பதிப்பில் மான் என்ற ஜெர்மானியப் பண்டிதர் அவற்றைத் திருத்தி எழுதினார். வேரைத் தேடியபோது சறுக்கியவருக்கு, ஒலியைப் பிரித்தபோது காது கைகொடுத்தது.

1843-ல் நியூஹேவன் நகரில் வெப்ஸ்டர் காலமானார். இன்றும் வரியின் ஓரத்தில் சொல்லை முறிக்கையில், இங்கிலாந்தின் பழைய வழக்கம் சொல்லின் பகுதியைப் பார்க்கிறது. அமெரிக்க வழக்கம் உச்சரிப்பைப் பார்க்கிறது. வகுப்பறையில் திணறிய பிள்ளைகளுக்காக அந்த உபாத்தியாயர் வகுத்த வழி அது.