அறிவியல் அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

முன்னுரை

மும்பையில் செம்பூருக்கு அப்பால் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. இந்தியாவின் முதல் அணு உலையாகிய ‘அப்சரா’ 1956ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அங்கு இயங்கத் தொடங்கியது. இத்தகைய முயற்சிகளுக்கு வழிவகுத்த அணுசக்தி ஆணையம் 1948இல் நிறுவப்பட்டபோது அதில் மூவரே இடம்பெற்றனர். ஹோமி பாபா தலைவராக விளங்கினார். சாந்தி சுவரூப் பட்நாகர் மற்றோர் உறுப்பினர். மூன்றாமவர் தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். அப்பெருமகனாரின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலோடு தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் தேர்ச்சி பெற்றவர். ஆகவே, மொழிப்பற்று கிருஷ்ணனுக்கு இளமையிலேயே வாய்த்தது.

பள்ளியில் ஆர்க்கிமிடீசு தத்துவத்தைக் கற்றபோது, அவர் கேட்டதோடு அமையவில்லை. பொருள்களின் அடர்த்தியை அளக்கும் கருவியொன்றைத் தாமே வடிவமைத்தார். கற்றதைச் செய்து பார்க்கும் இவ்வியல்பே பின்னாளில் அவரைச் சிறந்த ஆய்வாளராக்கியது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின், சென்னையில் வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியாற்றினார். நண்பகல் இடைவேளையில் மாணவர்களின் ஐயங்களைத் தீர்த்துவந்தார். பிற கல்லூரி மாணவர்களும் அவரை நாடி வந்தனர்.

இராமனுடன் ஆய்வு

1920இல் கல்கத்தா சென்ற கிருஷ்ணன், 1923இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சர் சி. வி. இராமனின் ஆய்வுத் துணைவரானார். நீர்மங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதே அவர்களின் ஆய்வுப் பொருள். ஆய்வில் தென்பட்ட மங்கலான புதிய ஒளி, நீர்மத்திலுள்ள மாசுகளால் எழுவதோ என்னும் ஐயம் இருந்தது. அதனைப் போக்க, நீர்மங்கள் மீண்டும் மீண்டும் காய்ச்சி வடிக்கப்பட்டுத் தூய்மையாக்கப்பட்டன.

குவிக்கப்பட்ட கதிரவன் ஒளி நீலஊதா வடிகட்டி வழியாக நீர்மத்தினுள் செலுத்தப்பட்டது. நீலஊதா ஒளியைத் தடுக்கும் மற்றொரு வடிகட்டி, நீர்மத்திற்கும் காண்பவர் கண்ணுக்கும் இடையில் வைக்கப்பட்டது. நிறம் மாறாதிருந்தால் ஒளி சிறிதும் தென்படாது. ஆனால், ஒளி தென்பட்டது! எனவே, சிதறிய ஒளியின் ஒரு பகுதி நிறம் மாறியிருந்தது தெளிவாயிற்று. ஏறத்தாழ அறுபது நீர்மங்கள் ஆராயப்பட்டன. அனைத்திலும் இவ்விளைவு காணப்பட்டது.

1928ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் இச்செய்தி ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பெர்லின் நகர இயற்பியலாளர் பீட்டர் பிரிங்ஷைம் இதனை ‘இராமன் விளைவு’ என அழைத்தார், அப்பெயரே நிலைத்தது. 1930இல் நோபல் பரிசும் இராமன் ஒருவருக்கே கிடைத்தது.

புதிய பாதை

தம் பெயர் இடம்பெறாத புகழின் நிழலில் கிருஷ்ணன் நின்றுவிடவில்லை. 1928இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராயத் தொடங்கினார். நுண்ணிய இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் வைத்தார். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே சென்றால், ஒரு நிலையில் படிகம் திடீரெனத் திரும்பிவிடும். அந்நிலைவரை இழை முறுக்கப்பட்ட கோணத்தை அளந்து, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது எனக் கணித்தார். எளிய கருவியால் பெற்ற இவ்வளவீடுகள், படிகத்தினுள் மூலக்கூறுகள் அமைந்துள்ள முறையை அறிய உதவின.

1933இல் கல்கத்தா திரும்பி மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1940இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1942 முதல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக விளங்கினார்.

நாட்டுப்பணியும் தமிழ்ப்பற்றும்

நாடு விடுதலை பெற்ற காலத்தில், புதுதில்லியில் உருவான தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நீளம், எடை முதலியவற்றின் தேசியத் தர அளவுகளைப் பேணிக் காப்பது அந்த ஆய்வகமே. 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதல் பட்நாகர் பரிசும் அவரை வந்தடைந்தன. தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதி, நுண்ணிய கருத்துகளையும் தாய்மொழியில் விளக்கலாம் என்பதை மெய்ப்பித்தார். 1961ஆம் ஆண்டு சூன் திங்களில் இயற்கை எய்தினார்.

முடிவுரை

பிறர் கண்ட புகழை எண்ணி வருந்தியிருப்பின், காந்தவியலில் கிருஷ்ணனின் அரிய ஆய்வுகள் பிறந்திரா. தாய்மண்ணை விட்டு வெளியூர்களில் வாழினும் தாய்மொழியை மறவாத அவர்தம் வாழ்வு, மும்பையில் தமிழ் கற்கும் மாணவர்க்கு நல்வழி காட்டுவதாகும்.

பயிற்சி வினாக்கள்

1. அணுசக்தி ஆணையத்தின் முதல் உறுப்பினர்கள் யாவர்?
2. நீர்மங்கள் மீண்டும் மீண்டும் தூய்மையாக்கப்பட்டது ஏன்?
3. இரண்டாம் வடிகட்டி வழியே ஒளி தென்பட்டதால் அறியப்பட்ட உண்மை யாது?
4. கிருஷ்ணனின் வாழ்விலிருந்து நீவிர் கற்றுக்கொண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.