ஆனந்த சங்கர்

ஆனந்த சங்கர் (டிசம்பர் 11, 1942 – மார்ச் 26, 1999) வங்காளத்தைச் சேர்ந்த சித்தார் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். சித்தாரை மின்கித்தார், மூக் மின்னிசைக் கருவி, மேற்கத்திய முரசு ஆகியவற்றுடன் இணைத்து இவர் உருவாக்கிய இசை, இந்திய இசையும் ராக் இசையும் கலந்த முயற்சிகளில் முதன்மையானவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1970இல் வெளியான இவரது முதல் இசைத்தொகுப்பு பற்றிக் கேட்போரின் கருத்து முப்பது ஆண்டுகளுக்குள் தலைகீழாக மாறியது. அம்மாற்றத்தின் ஒரு பகுதியை மட்டுமே இவர் உயிருடன் இருந்து காண முடிந்தது.

பிறப்பும் குடும்பமும்

ஆனந்த சங்கர் இமயமலை அடிவாரத்தில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற நடனக் கலைஞர் உதய் சங்கர். தாய் நடனக் கலைஞர் அமலா சங்கர். சித்தார் மேதை ரவி சங்கர் இவருடைய சிற்றப்பா. நடிகையும் நடனக் கலைஞருமான மமதா சங்கர் இவருடைய தங்கை.

இக்குடும்பத்துக்குத் தமிழகத்துடன் நேரடித் தொடர்பு உண்டு. அல்மோராவில் நடத்திவந்த கலைமையம் 1940களில் மூடப்பட்ட பின், உதய் சங்கர் தமது ஒரே திரைப்படமான கல்பனாவைச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்தார். அமலாவே கதாநாயகி. ஒளிப்பதிவு கே. ராம்நாத். பின்னாளில் தமிழ்த் திரையில் பெரும்புகழ் பெற்ற பத்மினி முதலில் திரையில் தோன்றியதும் இப்படத்தில்தான். 1948இல் வெளிவந்த கல்பனா வணிக வெற்றி பெறவில்லை. அதே ஆண்டு அதே ஸ்டூடியோவிலிருந்து வெளிவந்த எஸ். எஸ். வாசனின் சந்திரலேகா நாடெங்கும் ஓடியது. அதன் முரசு நடனத்தில் கல்பனாவின் சாயலைப் பலர் காண்கின்றனர். வெளிவந்தபோது கவனிக்கப்படாமல் பின்னர் போற்றப்படுவது இக்குடும்பத்தில் தந்தையிடமே தொடங்கிவிட்டது எனலாம்.

கல்வி

குவாலியர் கோட்டையில் உள்ள சிந்தியா பள்ளியில் ஆனந்த சங்கர் படித்தார். சித்தார் கற்கத் தம் சிற்றப்பாவிடம் செல்லாமல், காசியில் இசைப் பேராசிரியராக இருந்த லால்மணி மிஸ்ராவிடம் பயின்றார் என்பது குறிப்பிடத்தக்கது. ரவி சங்கரின் புகழ் உலகெங்கும் பரவிவந்த காலத்தில் அதே கருவியைக் கையில் எடுத்த இளைஞருக்கு ஒப்பீடு என்பது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த சுமையாக இருந்திருக்கும்.

முதல் இசைத்தொகுப்பு

1960களின் இறுதியில் இவர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குச் சென்றார். அங்கு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உட்படப் பல ராக் கலைஞர்களுடன் சேர்ந்து வாசித்தார். ஹென்ட்ரிக்ஸின் இசைத்தட்டுகளை அமெரிக்காவில் வெளியிட்டுவந்த ரிப்ரைஸ் நிறுவனமே ஆனந்த சங்கரையும் ஒப்பந்தம் செய்தது. அவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்ட இசைத்தொகுப்பு 1970இல் வெளியானது.

இதில் எட்டு இசைத்துண்டுகள் உள்ளன. அவற்றுள் இரண்டு, அன்றைய புகழ்பெற்ற ராக் பாடல்களின் மறுவடிவங்கள்: ரோலிங் ஸ்டோன்சின் ஜம்பிங் ஜாக் ஃபிளாஷ், டோர்சின் லைட் மை ஃபயர். ஏனையவற்றுள் மமதா என்பதற்குப் பாசம் என்று பொருள். தங்கையின் பெயரும் அதுவே. ரகுபதி என்பது அனைவரும் அறிந்த பஜனைப் பாடலின் கூட்டிசை வடிவம். தொகுப்பின் பெருந்துண்டு சாகர், அதாவது கடல். ஏறத்தாழ 13 நிமிடங்கள் நீள்வது.

இதன் செய்முறையைச் சற்று விளக்குவது பயனுடையது. சித்தாரில் மீட்டும் தந்திகளுக்குக் கீழே, தாமாகவே அதிரும் துணைத் தந்திகள் பத்துக்கும் மேல் உண்டு. ஒரு சுரத்தை மீட்டினால் அதனோடு இணங்கும் துணைத் தந்தியும் முழங்கும். மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதும் இக்கருவியின் இயல்பு. ஆனால் மீட்டிய ஒலி விரைவில் தேய்ந்துவிடும். மூக் கருவி இதற்கு நேர்மாறானது. மின்னலையால் உண்டாகும் அதன் ஒலி, விசையை அழுத்தியிருக்கும்வரை தேயாது நிற்கும். சாகரில் மூக் அலையாக விரிந்து கிடக்க, அதன்மேல் சித்தார் ஆலாபனைபோல் மெல்ல நகர்கிறது. தாளம் சேர நெடுநேரம் ஆகிறது. இரு கருவிகளும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. மறுவடிவங்களில் இந்த நிதானம் இல்லை. அவற்றில் சித்தார் பாடகரின் இடத்தில் நின்று மெட்டை அப்படியே வாசிக்கிறது.

கேட்போர் கருத்துகள்

இத்தொகுப்பு வெளியானபோது பெரிய விற்பனையை எட்டவில்லை. அதற்குக் காலமும் ஒரு காரணம். பீட்டில்ஸ் 1965இலும் ரோலிங் ஸ்டோன்ஸ் 1966இலும் சித்தாரைத் தம் பாடல்களில் பயன்படுத்திவிட்டனர். 1967இல் மான்டரே, 1969இல் உட்ஸ்டாக் என ரவி சங்கரே ராக் திருவிழாக்களில் வாசித்துவிட்டார். 1970இல் மேற்கத்திய இரசிகருக்குச் சித்தார் புதுமையாக இல்லை. தேய்ந்துவரும் மோகமாக இருந்தது. ஆகவே இதனைக் காலம் கடந்து வந்த வேடிக்கைப் பொருளாகப் பார்த்தவர் பலர்.

இந்தியாவிலிருந்து வரக்கூடிய எதிர்ப்பு வேறு வகையானது. செவ்வியல் இசையை வழிபாடாகக் கருதுவோருக்கு, சித்தாரில் ராக் பாடல் வாசிப்பது மரபுமீறல். ரவி சங்கரும் இந்திய இசை போதைப்பழக்கத்தோடும் கேளிக்கையோடும் இணைத்துப் பார்க்கப்படுவதை வெளிப்படையாகவே கண்டித்துவந்தார். இருபுறத்தாருக்கும் சொந்தமாகாத நிலையில் இத்தட்டு நின்றது.

இது எவ்வகை இசை என்பதிலும் கேட்போரிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. மறுவடிவங்களை வைத்து இதனைச் சைக்கடெலிக் ராக் என்போர் உண்டு. சாகரையும் மெட்டமார்ஃபசிசையும் வைத்து, நீண்ட வடிவம், மூக் கருவி, செவ்வியல் அடித்தளம் ஆகியவற்றைக் காட்டி, முற்போக்கு ராக்கோடு சேர்ப்போரும் உண்டு. கிங் கிரிம்சனின் முதல் தொகுப்பு 1969இல் வெளியாகி முற்போக்கு ராக் உருப்பெற்றுவந்த காலம் அது. ஐரோப்பியக் குழுக்கள் தத்தம் செவ்வியல் மரபிலிருந்து நெடிய வடிவத்தைப் பெற்றன; ஆனந்த சங்கருக்கு அது ஆலாபனையிலிருந்து வந்தது. இவ்வகையில் இரண்டாம் தரப்பின் வாதமே வலுவானதாகத் தோன்றுகிறது.

முதலில் கேட்பவரைக் கவர்வது பெரும்பாலும் ஜம்பிங் ஜாக் ஃபிளாஷ். மீண்டும் மீண்டும் கேட்பவர் தங்குவது சாகரில். லைட் மை ஃபயர் மட்டும் இரு தரப்புக்கும் இடையில் நிற்கிறது. டோர்ஸ் குழுவின் கித்தார் கலைஞர் ராபி கிரீகர், லாஸ் ஏஞ்சலசில் ரவி சங்கர் நடத்திய கின்னரா பள்ளியில் பயின்றவர். அப்பாடலின் நடுவே வரும் நீண்ட வாசிப்பில் இந்திய இசையின் தாக்கம் ஏற்கனவே இருந்தது. ஆகவே சித்தார் அங்கே அழையா விருந்தாளி அன்று.

கல்கத்தாவில்

அமெரிக்காவில் நிலைபெறும் எண்ணமின்றி ஆனந்த சங்கர் இந்தியா திரும்பிக் கல்கத்தாவில் வாழ்ந்தார். மிருணாள் சென் இயக்கிய கோரஸ் (1974) திரைப்படத்துக்காகச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது பெற்றார்.

1975இல் வெளியான ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக் இவருடைய முதிர்ந்த படைப்பு. இதில் மறுவடிவங்கள் இல்லை. தபலாவோடு மிருதங்கமும் மேற்கத்திய முரசும் சேர்ந்து ஒலிக்கின்றன. ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா, டான்சிங் டிரம்ஸ் ஆகியவை இதில் இடம்பெற்றவை. பின்னர் மிஸ்ஸிங் யூ (1977), ச-ரி-க மச்சான் (1981) முதலியன வந்தன. தமிழர் சிரிக்க வேண்டாம். இங்கு மச்சான் என்பது காட்டில் வேட்டைக்காரர் அமரும் பரணைக் குறிக்கும். அத்தொகுப்பு காட்டையும் விலங்குகளையும் பொருளாகக் கொண்டது.

மனைவி தனுஸ்ரீ சங்கர் நடனக் கலைஞர். இருவரும் இசை, நடனம், ஒளிக்காட்சி ஆகியவற்றை இணைத்து முடாவிஸ் என்ற பெயரில் மேடை நிகழ்ச்சிகள் நடத்தினர். தந்தை தம் இறுதிக்காலத்தில் திரைப்படத்தையும் மேடையையும் கலந்து நிகழ்த்திய சங்கர்ஸ்கோப்பின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

மறுகண்டுபிடிப்பு

1990களின் நடுவில் இலண்டன் நடன அரங்குகளின் டிஜேக்கள், பழைய தட்டுக்கடைகளில் கிடைத்த 1975ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சுழலவிடத் தொடங்கினர். 1996இல் ப்ளூ நோட் நிறுவனத்தின் ப்ளூ ஜூஸ் தொகுப்பில் டான்சிங் டிரம்ஸ், ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா இரண்டும் சேர்க்கப்பட்டன. இம்முறை கேட்டவர்கள் 1970இன் சித்தார் மோகத்தையோ மரபுச் சண்டையையோ அறியாத தலைமுறையினர். பலர் பிரித்தானியாவில் பிறந்த தெற்காசியர். மரபுமீறல் என்று முன்னர் ஒதுக்கப்பட்ட கலப்பே அவர்களுக்குத் தம் சொந்த வாழ்க்கையின் ஒலியாக இருந்தது. 1975ஆம் ஆண்டுத் தட்டு பெற்ற புகழால் 1970ஆம் ஆண்டுத் தட்டும் மீண்டும் தேடப்பட்டது.

மறைவு

பிரித்தானிய-வங்காளக் கலைஞர் சாம் ஜமானின் ஸ்டேட் ஆஃப் பெங்கால் குழுவுடன் சேர்ந்து ஆனந்த சங்கர் மேடையேறினார். இருவரும் இணைந்து வாக்கிங் ஆன் என்ற தொகுப்பையும் உருவாக்கினர். அது வெளிவரும் முன்னரே, 1999 மார்ச் 26 அன்று, கல்கத்தாவில் இதயச் செயலிழப்பால் தமது 56ஆம் வயதில் காலமானார். அவர் நினைவாகத் தொகுப்பு ரியல் வேர்ல்ட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது.

2008இல் வெளியான லிட்டில் பிக் பிளானட் என்ற நிகழ்பட விளையாட்டில் டான்சிங் டிரம்ஸ் பின்னணி இசையாக இடம்பெற்றது. மீட்டெடுக்கப்பட்ட கல்பனா 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது தாய் அமலா நேரில் கலந்துகொண்டார். மகனுக்குப் பின் இருபத்தொரு ஆண்டுகள் வாழ்ந்த அவர் 2020இல் காலமானார்.