டின்டினை மீண்டும் படிக்கிறீர்களா? முதலில் ஹெர்ஜேவின் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

நெற்றிக்கு மேலே தூக்கி நிற்கும் முடி, கூடவே ஓடிவரும் வெள்ளை நாய் ஸ்னோயி, வாயைத் திறந்தாலே வசைமாரி பொழியும் கேப்டன் ஹேடக். சின்ன வயசில் டின்டின் படித்தவர்களுக்கு இதுவே போதும், எல்லாம் ஞாபகம் வந்துவிடும். வளர்ந்த பிறகு அதே புத்தகங்களைக் கையில் எடுத்தால், சாகசத்துக்குப் பின்னால் இன்னொரு கதையும் தெரியும். அது டின்டினை வரைந்த ஹெர்ஜேவின் கதை.

யார் இந்த ஹெர்ஜே?

நிஜப் பெயர் ஜார்ஜ் ரெமி. 1907 மே 22 அன்று பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். பெயரின் முதல் எழுத்துகளை இடம் மாற்றி, பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்லிப் பார்த்தார். 'ஹெர்ஜே' பிறந்தது அப்படித்தான். ஒரு கத்தோலிக்க நாளிதழின் சிறுவர் இணைப்பில் 1929 ஜனவரி 10 அன்று டின்டின் தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 21 தான்.

காங்கோ கதையில் என்ன சிக்கல்?

இரண்டாவது கதையில் டின்டின் காங்கோவுக்குப் போகிறார். அன்று அது பெல்ஜியத்தின் காலனி. ஹெர்ஜே அந்த மண்ணை மிதித்ததே இல்லை. தன்னைச் சுற்றியிருந்தவர்கள் நம்பியதை அப்படியே வரைந்தார். ஆப்பிரிக்கர்கள் விவரம் தெரியாதவர்கள், வெள்ளைக்காரர் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பார்வைதான் பக்கத்துக்குப் பக்கம். சிறுவயதில் சிரிக்க வைத்த படங்கள் இப்போது நெளிய வைக்கும். 2007-ல் இந்தப் புத்தகத்துக்கு எதிராக பெல்ஜியத்தில் வழக்கே தொடரப்பட்டது. 2012-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

மாற்றிய நண்பர்

அடுத்து சீனாவை வைத்து ஒரு கதை. இதிலும் அதே தப்பு நடந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்ட ஒரு பாதிரியார் மூலம், 1934-ல் சாங் சோங்ரென் என்ற சீன மாணவர் அறிமுகமானார். பிரஸ்ஸல்ஸில் சிற்பம் படித்துக்கொண்டிருந்தவர். சீனாவின் வாழ்க்கை, ஓவியம், அரசியல் எல்லாவற்றையும் ஹெர்ஜேவுக்கு அவர் எடுத்துச் சொன்னார். 'தி ப்ளூ லோட்டஸ்' கதையின் கடைப் பலகைகளிலும் சுவர்களிலும் இருப்பது ஏதோ கிறுக்கல் அல்ல, நிஜமான சீன எழுத்து. ஜப்பானிய ஆக்கிரமிப்பைக் கண்டிக்கும் வாசகங்களும் அதில் உண்டு. கதையில் டின்டின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் சிறுவனுக்கும் சாங் என்றே பெயர். 1935-ல் சாங் சீனா திரும்பினார். தொடர்பு அறுந்துபோனது.

போர்க்காலக் கறை

அதற்காக ஹெர்ஜே முழுசாக மாறிவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியத்தை நாஜிக்கள் பிடித்தபோது, அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த 'லு சுவார்' நாளிதழில் டின்டினை வரைந்தார். அங்கே வெளியான 'தி ஷூட்டிங் ஸ்டார்' கதையில் யூதர்களை இழிவுபடுத்தும் சித்திரங்கள் இருந்தன. 1944-ல் நாடு விடுதலையானதும் பலமுறை கைதானார், பத்திரிகைகளில் வேலை செய்யவும் தடை வந்தது. 1946-ல் 'டின்டின்' வார இதழ் மூலம்தான் திரும்பி வந்தார்.

வில்லனே இல்லாத கதை

1950-களின் இறுதியில் திருமண வாழ்க்கை உடையும் நிலைக்கு வந்தது. கனவெல்லாம் ஒரே வெள்ளை நிறம். வேலையை நிறுத்தும்படி மனநல நிபுணர் சொன்னார். ஹெர்ஜே நிறுத்தவில்லை. அப்போது வரைந்ததுதான் 'டின்டின் இன் திபெத்'. இமயமலையில் விமானம் விழுந்து சாங் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்ப, டின்டின் மட்டும் தேடிப் போகிறார். துப்பாக்கிச் சண்டை இல்லை, வில்லன் இல்லை. பக்கமெங்கும் பனியும் ஒரு நண்பனைத் தேடும் தவிப்பும்தான்.

நிஜ சாங் கிடைத்தாரா?

கிடைத்தார். 1970-களில் கடிதத் தொடர்பு திரும்பியது. 1981 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் இருவரும் நேரில் சந்தித்தார்கள். பிரிந்து சுமார் 46 வருஷம். இரண்டே ஆண்டுகளில், 1983 மார்ச் 3 அன்று, 75 வயதில் ஹெர்ஜே காலமானார். அவர் முடிக்காமல் விட்ட கதையையும் சேர்த்து டின்டின் புத்தகங்கள் மொத்தம் 24.

எதிலிருந்து தொடங்கலாம்?

24-ஐயும் படிக்க நேரமில்லையா? காங்கோ, ப்ளூ லோட்டஸ், திபெத் என்ற வரிசையில் மூன்றை மட்டும் படியுங்கள். ஹெர்ஜே எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தார் என்பது உங்களுக்கே புரியும்.