மூன்று நிமிடத் தட்டில் வாழும் கிட்டப்பா

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் திருவிழா என்றால், சாமி புறப்படுவதற்கு முன்பே பாட்டு புறப்பட்டுவிடும். ஒலிபெருக்கி கட்டிப் பாட்டு வைத்தால் அது வயலைத் தாண்டி, கல்வராயன் மலைச்சரிவு வரை கேட்கும்.

பாடியவர் யார்? இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? யாரும் விசாரிப்பதில்லை. ஆள் போய்ப் பல ஆண்டு ஆனாலும் குரல் வந்துவிடுகிறது.

இன்று இது நமக்குச் சாதாரணம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இது அதிசயம்! அந்த அதிசயத்தால் தமிழ்நாட்டில் இன்றுவரை வாழ்பவர்களில் ஒருவர், எஸ்.ஜி.கிட்டப்பா.

அவர் உயிரோடு இருந்தது 27 ஆண்டுகளே. சினிமாவில் அவர் நடிக்கவில்லை. நாடகத்தைப் படம் பிடித்து வைக்கும் வழக்கமும் அப்போது இல்லை. அவருடைய பாட்டில் நமக்கு மிஞ்சியவை சில கறுப்புத் தட்டுகள்தான்.

செங்கோட்டைச் சிறுவன்

கிட்டப்பா 1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி செங்கோட்டையில் பிறந்தார். அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தந்தை கங்காதர அய்யர். தாய் மீனாட்சி அம்மாள். அவர்கள் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். கிட்டப்பா என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர். அதுவே நாடறிந்த பெயர் ஆயிற்று.

குடும்பம் பெரிது; வருமானம் சிறிது. ஆகவே பிள்ளைகள் நாடகக் கம்பெனிக்குப் போனார்கள். 1912-ல் கிட்டப்பா, சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் மேடை ஏறினார். மற்றப் பிள்ளைகள் அரிச்சுவடி படிக்கும் வயது அது. அவருக்கு மேடையே பள்ளிக்கூடம்!

1919-ல் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் தசாவதாரம் நாடகம் பெரும் புகழ் பெற்றது. கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கவே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்கவேண்டும். கிட்டப்பாவின் குரல் கேட்டது! உச்ச ஸ்தாயியில் ஏறினாலும் பிசிறு தட்டாது. ஒரே பாட்டை மறுபடியும் பாடச் சொல்லி "ஒன்ஸ்மோர்" கேட்பார்கள். விடிய விடிய நாடகம் நடக்கும்.

தட்டு பிறந்த கதை

நாடகம் முடிந்தால் பாட்டும் முடிந்தது. மறுநாள் அதைக் கேட்கவேண்டுமானால் மறுபடியும் டிக்கெட் வாங்கவேண்டும். இந்த நிலையை மாற்றியது கிராமபோன்.

இசைத்தட்டு எப்படித் தயாராகும் தெரியுமா? பாடகர் பாடும்போது, அந்த ஒலியின் அதிர்வு ஒரு மெழுகுத் தட்டில் மெல்லிய கோடாகப் பதியும். அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் அரக்குக் கலவையை வைத்து அழுத்தினால் தட்டு தயார். கல்கத்தாவில் 1908-லேயே இதற்கு ஆலை வந்துவிட்டது.

தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். இடையில் தவறினால் வெட்டி ஒட்ட முடியாது. முதலிலிருந்து பாடவேண்டும்.

மணிக்கணக்கில் ராகத்தை விரித்துப் பாடிப் பழகியவர் கிட்டப்பா. எதிரே ஆயிரம் பேர் இருந்தால் உற்சாகம் வரும். பதிவு அறையிலோ எதிரே இருப்பது கருவி. கைதட்ட ஆள் இல்லை. கடிகாரம் மட்டும் ஓடுகிறது. அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகமும் வேண்டும், பாட்டும் வேண்டும், உருக்கமும் வேண்டும். கிட்டப்பா அதைச் சாதித்தார்.

தியாகய்யரின் கீர்த்தனையான 'எவரனி' அவர் பாடிய தட்டுகளில் ஒன்று. இன்னொன்று, கோடை வெயிலில் களைத்து வந்தவனுக்குக் கிடைத்த குளிர்ந்த மரமாக இறைவனை நினைத்து உருகும் வள்ளலார் பாடல். அந்த வள்ளலார் வாழ்ந்த வடலூரும் கள்ளக்குறிச்சியும் அன்று ஒரே தென்னாற்காடு ஜில்லா. இந்த மண்ணில் பிறந்த பாட்டு, செங்கோட்டைக்காரர் குரலில் ஏறி ஊர் ஊராகப் போயிற்று!

கொழும்பில் கண்ட துணை

1926-ல் இலங்கையில் கிட்டப்பாவும், கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்தார்கள். சுந்தராம்பாள் சிறுமியாக ரெயிலில் பாடிப் பிழைத்தவர். குரலால் உயர்ந்தவர். இரு குரலும் மேடையில் மோதியதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. போட்டி அன்பாக மாறியது. மறு ஆண்டு திருமணம் நடந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர்.

இந்த வாழ்க்கை நீடிக்கவில்லை. பிறந்த குழந்தை இறந்தது. மனத்தாங்கல் வந்தது, பிரிந்தார்கள். குடிப்பழக்கம் கிட்டப்பாவின் உடலைக் கெடுத்தது. ஊர் உலகம் கொண்டாடிய மனிதர், தம் உடம்பைக் காத்துக்கொள்ளத் தவறினார்.

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா இறந்தார். தமிழில் பேசும் படம் வந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்னும் சில காலம் இருந்திருந்தால், வெள்ளித்திரையில் அவர் முகத்தையும் நாம் பார்த்திருப்போம்.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெள்ளைப் புடவை உடுத்தினார். வேறு ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935-ல் வந்த நந்தனார் படத்தில் நந்தனாராக ஆண் வேடத்திலேயே நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றார்! 1953-ல் அவ்வையாராக வந்தார். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1980-ல் மறையும் வரை, கிட்டப்பாவின் நினைவோடுதான் வாழ்ந்தார்.

தட்டு சொல்லும் பாடம்

இன்று இசைக்குழுவினர் பல பாட்டுகளைச் சேர்த்து 'ஆல்பம்' என்று வெளியிடுகிறார்கள். அந்தப் பெயர் பழைய தட்டுக் காலத்தில் வந்தது. ஒரு தட்டில் அடங்காத இசையைப் பல தட்டுகளில் பதிந்து, போட்டோ ஆல்பம் போன்ற புத்தக உறையில் வைத்து விற்றார்கள். கிட்டப்பா காலத்துத் தட்டுகளே இன்றைய ஆல்பத்துக்கு முன்னோர்.

மேடைக் கச்சேரிக்குக் காசு வேண்டும், பயணம் வேண்டும். தட்டுக்கு அது வேண்டாம். ஊரில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் போதும். திண்ணையில் நிற்பவனும் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அது புரியும்.

கிட்டப்பாவின் தட்டுகள் தேய்ந்தன, சில உடைந்தன. ஆனாலும் அவற்றிலிருந்து எடுத்த பாட்டு இன்று கைப்பேசியிலும் கிடைக்கிறது. வயலில் வேலை முடிந்து வேப்ப மரத்தடியில் உட்காரும்போது, அந்த வள்ளலார் பாட்டைத் தேடிக் கேட்டுப் பாருங்கள். ஊசி உரசும் இரைச்சல் முதலில் வரும். பிறகு அதைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் எழும்.

27 வயதில் ஓய்ந்த குரல் அது. இன்னும் அதற்கு 27 வயதுதான்!