வெறுங்காலில் நின்ற சுவர்

நான் காஞ்சிரங்குளத்துக்காரன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நெய்யாற்றங்கரையில் நான் 'பாண்டி'. களியக்காவிளையைத் தாண்டினால் 'மலையாளத்தான்'. ஒருமுறை ஒரு பந்தாட்ட அணியிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பினார்கள். என் ஆட்டத்தைப் பார்த்தல்ல, பேச்சைக் கேட்டே அனுப்பினார்கள். அன்று மனம் சோர்ந்திருந்த எனக்குத் தேறுதல் தந்தது ஒருவருடைய வாழ்க்கை வரலாறு. அவர்தாம் கோஷ்ட பால்.

1896-ஆம் ஆண்டு கிழக்கு வங்கத்தின் பரீத்பூர் மாவட்டத்தில், போஜேசுவர் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. சிறு வயதிலேயே கல்கத்தாவுக்கு வந்தார். அங்கேதான் பந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டது.

அந்நகரில் 1889-இல் தோன்றிய கழகம் மோகன் பகான். 1905-இல் கர்சன் பிரபு வங்கத்தை இரு கூறாக்கினார். அந்தப் பிரிவினை நீங்குமுன்பே, 1911 ஜூலை 29-ஆம் நாள், இக்கழகம் கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஆடிய பதினொருவரில் பத்துப் பேருக்குக் காலணி இல்லை. அவர்களில் பலர் கிழக்கு வங்கத்துப் பிள்ளைகள். ஆட்சி போட்ட கோட்டை ஆட்டம் அழித்தது!

அந்த வெற்றியின் முழக்கம் ஓயுமுன்னே கோஷ்ட பாலும் அக்கழகத்தில் சேர்ந்தார். 1935 வரை ஆடினார். கோலுக்கு முன்னே காவல் நிற்பது அவர் வேலை. பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்கள் பாய்ந்து வருவார்கள். அவர் வெறுங்காலோடு எதிர்கொள்வார். சீனப் பெருஞ்சுவர் என்ற பட்டத்தை ஆங்கிலப் பத்திரிகையே அவருக்குச் சூட்டியது. 1921 முதல் 1926 வரை கழகத்தின் தலைவராக விளங்கினார். 1923-இல் கேடய இறுதி ஆட்டம் மழைச் சேற்றில் நடந்தது. வெறுங்கால் வழுக்கியது, கல்கத்தா கழகம் 3-0 என்று வென்றது. சுவரையும் சேறு வென்ற நாள் அது! ஆயினும் அவர் தளர்ந்துவிடவில்லை. 1933-இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே தலைமை தாங்கினார்.

இதற்கிடையில், 1920-இல், ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. 1947-க்குப் பிறகு கிழக்கிலிருந்து அகதிகளாய் வந்தோர் அதைத் தம் வீடாகக் கொண்டனர். மோகன் பகான் மேற்கத்தியாரின் கொடியாயிற்று. ஒருவருக்கு இறால், மற்றவருக்கு இலிசா மீன் என்று சமையலறை வரை போட்டி புகுந்தது. ஆனால் அந்த மேற்கத்தியாரின் கழகத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்து நின்ற சுவர் கிழக்கு மண்ணால் ஆனது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது.

1962-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; அதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் அவரே. 1976-இல் மறைந்தார். இன்று கல்கத்தாவில் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு, சிலையும் உண்டு. அவர் எந்தக் கரையில் பிறந்தார் என்று கேட்டுவிட்டா மாலை போடுகிறார்கள்?

1956 நவம்பர் 1-ஆம் நாள் எங்கள் பக்கத்திலும் ஒரு கோடு விழுந்தது. விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. கோடு நாட்டுக்குத் தேவையாக இருக்கலாம். நண்பர்களே, ஒருவன் எந்த ஊரான் என்பதைப் பிறப்புச் சொல்லட்டும். எந்த அணியான் என்பதை அவன் உழைப்புச் சொல்லட்டும். நாளை உங்கள் அணிக்கு ஓர் எல்லையூர்ப் பையன் வந்து நின்றால், முதலில் அவன் காலடிக்குப் பந்தை உருட்டிவிடுங்கள். ஊரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.