ஐந்து வீரர்களும் ஒரு கணக்கும்

உற்பத்திக் கோட்பாட்டைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். ஒரு தொழிலாளியின் பங்களிப்பை அறிய வேண்டுமானால், அவர் இல்லாதபோது உற்பத்தி எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அதில் ஓர் அடிப்படைப் பாடம். ஆனால், பலர் கூடிச் செய்யும் வேலையில் இந்த அளவுகோல் தடுமாறிவிடும். நால்வர் சேர்ந்து தூக்கும் பாரத்தில் யாருடைய தோளில் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? இதை விளக்க நான் வகுப்பில் சொல்லிவந்தது, ஜிம் வால்வானோ என்ற அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளரின் கதை. அந்தக் கதையைப் பாதி மட்டுமே சொல்லிவந்தேன் என்பது ஓய்வுபெற்ற பிறகே எனக்கு உறைத்தது.

வால்வானோ 1946-இல் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையும் பள்ளிப் பயிற்சியாளர். ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியில் ஆடி, 1967-இல் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றார். பக்னெல், அயோனா போன்ற சிறிய கல்லூரிகளில் பயிற்சியளித்த பின், 1980-இல், தமது 34-ஆவது வயதில், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணியின் பொறுப்பை ஏற்றார்.

1982-83 பருவத்தில் அவருடைய நம்பிக்கை மூன்று இறுதியாண்டு மாணவர்கள்மீது இருந்தது. பந்தை நடத்திச் செல்பவர் சிட்னி லோ. தொலைவிலிருந்து கூடைக்குள் எறிவதில் வல்லவர் டெரெக் விட்டன்பர்க். கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர் தர்ல் பெய்லி. லோவும் விட்டன்பர்க்கும் பள்ளி நாள்களிலிருந்தே ஒன்றாக ஆடியவர்கள். 1983 ஜனவரியில் விட்டன்பர்க்கின் பாத எலும்பு முறிந்தது. அணி தள்ளாடத் தொடங்கியது.

அவருடைய இடத்துக்கு வந்தவர் முதலாண்டு மாணவர் எர்னி மையர்ஸ். ஒரே ஆட்டத்தில் 35 புள்ளிகள் குவிக்கும் அளவுக்குத் திறமைசாலி. புள்ளிகளை மட்டும் கூட்டிப் பார்த்தால், போனவரின் இடம் நிரம்பிவிட்டது. ஆனாலும் அணி தோற்பதும் வெல்வதுமாகவே இருந்தது. தொலைவிலிருந்து எறிபவரைத் தடுக்க எதிரணி விலகி வந்தாக வேண்டும். அப்போதுதான் கூடைக்கு அருகே நிற்பவருக்கு இடம் கிடைக்கும். விட்டன்பர்க் பந்தைத் தொடாத நேரத்திலும் அணிக்குச் செய்துவந்த இந்த உதவி எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறாது.

அதேசமயம், அவர் இல்லாத வாரங்களில் மற்றவர்கள் கூடுதல் சுமை தாங்கப் பழகினார்கள். பருவத்தின் இறுதியில் அவர் திரும்பியபோது, வால்வானோ பழைய இணையை மீண்டும் களமிறக்கினார். மையர்ஸ் மாற்று வீரர்களின் இருக்கைக்குப் போனார். நன்றாக ஆடிய ஓர் இளைஞரை உட்கார வைப்பது எளிய முடிவன்று. யார் அதிகம் எடுக்கிறார் என்று பார்க்காமல், யார் உடனிருந்தால் மற்ற நால்வரும் சிறக்கிறார்கள் என்று பார்த்து எடுத்த முடிவு அது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அப்போது அணியின் கணக்கு 17 வெற்றி, 10 தோல்வி. தேசியப் போட்டிக்குள் நுழைய, தங்கள் வட்டாரப் போட்டியை வென்றாக வேண்டிய நிலை. மைக்கேல் ஜோர்டான் ஆடிய வட கரோலினாவையும், ரால்ஃப் சாம்சன் ஆடிய வர்ஜீனியாவையும் வீழ்த்தி அவர்கள் உள்ளே வந்தார்கள். அதன் பின் பெப்பர்டைனை இரண்டு கூடுதல் நேர ஆட்டங்களுக்குப் பிறகு வென்றார்கள். வர்ஜீனியாவை மீண்டும் சந்தித்து ஒரே புள்ளியில் வென்றார்கள். பின்தங்கும்போது எதிரணியின் பலவீனமான எறிவீரரை வேண்டுமென்றே ஃபவுல் செய்வது வால்வானோவின் உத்தி. ஃப்ரீ த்ரோ தவறினால் பந்து தம் கைக்கு வரும். தவறாவிட்டாலும் நேரம் மிஞ்சும்.

1983 ஏப்ரல் 4, ஆல்புகெர்க்கியில் இறுதி ஆட்டம். எதிரே ஒலாஜுவானும் டிரெக்ஸ்லரும் ஆடிய ஹூஸ்டன். தொடர்ந்து 26 ஆட்டங்களில் வென்றுவந்த அணி. கடைசி நொடிகளில் விட்டன்பர்க் தொலைவிலிருந்து எறிந்த பந்து கூடைக்கு எட்டவில்லை. கீழே நின்ற லாரன்சோ சார்ல்ஸ் அதைப் பற்றிக் கூடைக்குள் திணித்தார். 54-52. கட்டியணைக்க ஆள் தேடி வால்வானோ மைதானமெங்கும் ஓடிய காட்சி இன்றும் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வருகிறது.

வகுப்பில் என் கதை இங்கே முடியும். வாழ்க்கை இங்கே முடியவில்லை.

1986-இல் அவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநராகவும் ஆனார். 1989-இல் அவருடைய அணியின்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. வீரர்கள் இலவசமாகப் பெற்ற காலணிகளையும் நுழைவுச் சீட்டுகளையும் விற்றது விசாரணையில் தெரியவந்தது. அணிக்கு இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 1990 தேசியப் போட்டியில் ஆடத் தடையும் விதிக்கப்பட்டன. விதிமீறலில் வால்வானோவுக்கு நேரடிப் பங்கு இருந்ததாக நிறுவப்படவில்லை. ஆனால், வீரர்கள் பலர் படிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 1990-இல் அவர் பயிற்சியாளர் பதவியைத் துறக்க நேர்ந்தது.

எந்த ஐவரைச் சேர்த்தால் அணி வெல்லும் என்பதை இன்று கணினிகள் கணக்கிடுகின்றன. ஒவ்வொரு கூட்டணியும் களத்தில் இருந்த நிமிடங்களில் அணி எத்தனை புள்ளி முன்னேறியது, எத்தனை புள்ளி பின்தங்கியது என்று பட்டியல் வருகிறது. பயனுள்ள கருவிதான். ஆயினும், எதைப் பெருக்க வேண்டும் என்று நாம் சொல்வதைத்தான் கணக்கு பெருக்கிக் காட்டும். கல்லூரி அணியின் வீரர் ஒரு மாணவர். அவருடைய படிப்பு அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்றால், வெற்றியின் விலையை அவரே செலுத்துகிறார். ஆட்டத்தில் எவருடைய மறைமுகப் பங்கையும் தவறவிடாத வால்வானோவின் கண்ணுக்கு இது உரிய நேரத்தில் தென்படவில்லை.

1992-இல் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில், நடக்கவே சிரமப்பட்ட நிலையில் மேடையேறி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஓர் அறக்கட்டளையை அறிவித்தார். எட்டு வாரங்களில், 1993 ஏப்ரல் 28 அன்று, 47 வயதில் மறைந்தார். தம் வாழ்நாளுக்குப் பின் விளையப்போகும் பயனுக்காக அவர் தொடங்கிய அந்த அறக்கட்டளை, இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்கு நிதி வழங்கிவருகிறது.

இனி இந்தக் கதையைச் சொல்ல வாய்த்தால், மாணவர்களிடம் இன்னொரு கேள்வியையும் கேட்பேன். இருக்கைக்குத் திரும்பிய அந்த முதலாண்டு மாணவருக்குக் களத்தில் இடம் தர அணி கடமைப்பட்டதில்லை. ஆனால், அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் கல்லூரி பட்ட கடன் ஒன்று உண்டு. அது என்ன?