பழங்காசு தேடிய பெரியார்: சர் வால்ட்டர் எலியட்

மன்னர் மாண்டனர், அவர்தம் மாளிகைகளும் மண்ணாயின. ஆயினும் அவர்கள் அடித்து வெளியிட்ட செப்புக் காசுகள் இன்றும் உழவனது கொழுமுனையிலும் ஆற்று மணலிலும் அகப்படுகின்றன. கல்வெட்டு ஓரிடத்தே நிலைத்து நிற்பது. காசோ கைமாறி, ஊர் கடந்து, கடல் கடந்து செல்வது. ஆதலின் நாட்டு வரலாற்றுக்குக் கல்வெட்டு எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது காசு. இவ்வுண்மையைத் தென்னாட்டிற் பலரும் உணராதிருந்த காலத்தில், காசுகளைத் தேடித் தொகுத்து, இனம் பிரித்து, நூலாக்கித் தந்தவர் சர் வால்ட்டர் எலியட் என்னும் ஸ்காத்லாந்துப் பெரியார். அவரது வாழ்க்கையைச் சுருங்கக் கூறி, அவ்வழியே நம் போன்ற எளிய மாணவரும் பொருட்செலவின்றிப் பழங்காசு தொகுக்கத் தொடங்குமாறு யாங்ஙனம் என்பதையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எலியட் 1803-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் எடின்பரோ நகரிற் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் அலுவலரைப் பயிற்றுதற்கு ஹெய்லிபரியில் நிறுவியிருந்த கல்லூரியிற் பயின்று, 1821-இல் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டே. நம் வகுப்பிலுள்ளார் பலர்க்கும் அவ்வயதே என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். 1823-இல் சேலம் மாவட்டத்திற் கலெக்டருக்குத் துணைவராக அமர்ந்தார். பின்னர்த் தார்வார்ப் பகுதிக்கு மாற்றப்பட்டார்.

அங்கே அவர் உயிருக்கே இடையூறு நேர்ந்தது. கித்தூர்ச் சமஸ்தானத்து அரசர் மகப்பேறின்றி இறக்க, சுவீகாரத்தைக் கம்பெனியார் ஒப்புக்கொள்ளாமையால், இராணி சென்னம்மாவின் வீரர் 1824 அக்டோபரில் எதிர்த்தெழுந்தனர். கலெக்டர் தாக்கரே அப்போரில் மடிந்தார். எலியட்டும் ஸ்டீவன்சன் என்னும் மற்றொரு துணைவரும் சிறைப்பட்டுச் சில வாரம் கித்தூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். பின்னர் ஊறின்றி விடுவிக்கப்பட்டனர். இத்தகைய துன்பத்திற்கு ஆளான ஒருவர் அந்நாட்டையே வெறுத்திருப்பின் வியப்பில்லை. எலியட்டோ அதே நாட்டின் மொழியைக் கற்றார். ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுக்களைப் படியெடுப்பித்தார். அவர் திரட்டிய படிகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டன. அவற்றைத் துணைக்கொண்டு சாளுக்கியர் முதலிய அரச மரபினரின் வரலாற்றை வகுத்து, 1837-இல் இலண்டன் இராயல் ஆசியக் கழகத்து ஏட்டில் வெளியிட்டார்.

கல்வெட்டைத் தேடிச் சென்ற அவர்க்குக் காசுகளும் எதிர்ப்பட்டன. கல்வெட்டில் இத்தனை கழஞ்சு பொன், இத்தனை காசு என்று வருமிடத்து அவை எவ்வளவு எடையுள்ளன என்று அறியாவிடின், கொடையின் அளவும் விளங்காது. அரங்கன் கோயிற் கல்வெட்டுக்களிலும் பொன்னும் காசும் பலவாறு பேசப்படுதலை நாம் அறிவோம். எலியட் இவ்வினாவை அடியிலிருந்தே ஆராய்ந்தார். கழற்சிக்காயும் மஞ்சாடியும் குன்றிமணியுமாகிய வித்துக்களே தென்னாட்டுப் பொன் நிறைக்கு அடிப்படை என்பதை விரித்துரைத்தார். புலவர் நூல்களில் மட்டும் நாம் கண்டு பொருள் கூறிச் செல்லும் கழஞ்சு என்னும் சொல்லைத் தராசுத் தட்டில் வைத்துக் காட்டியது அவரது ஆராய்ச்சி.

அலுவலிலும் அவர் மேன்மேலும் உயர்ந்தார். சென்னைக் கவர்னராயிருந்த எல்பின்ஸ்டன் பிரபுவுக்கு அந்தரங்கச் செயலாளராயிருந்தார். 1845 முதல் குண்டூரிலும் வடசர்க்கார் மாவட்டங்களிலும் கமிஷனராகப் பணியாற்றி, 1854-இல் கவர்னரின் ஆலோசனைச் சபையில் உறுப்பினரானார். 1858-இல் கம்பெனியின் ஆட்சி விக்டோரியா அரசியாரது ஆட்சியாக மாறியபோது, கவர்னர் நோயுற்றிருந்தமையின், அவ்வறிக்கையைச் சென்னையிற் படிக்கும் பொறுப்பு மூத்த உறுப்பினராகிய எலியட்டையே சார்ந்தது. இவ்வளவு அலுவல்களுக்கிடையேயும் காசாராய்ச்சியை அவர் கைவிடவில்லை. சென்னை இலக்கியச் சங்கத்தாரின் ஏட்டிற் காசு பற்றிய கட்டுரைகள் வரைந்தார். பறவைகள், விலங்குகள் பற்றியும் ஆராய்ந்தார். சார்லஸ் டார்வின் வளர்ப்புப் புறாக்களைப் பற்றி ஆராய்ந்த காலத்து இந்நாட்டுப் புறாக்களின் தோல்களை அனுப்பி உதவினார். தென்னாட்டு மரமூஞ்சூறு ஒன்றின் அறிவியற் பெயர் இன்றும் எலியட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி, அவர் வாழ்வில் நாம் நின்று எண்ண வேண்டிய பகுதி ஒன்றுண்டு. 1845-இல் அவர் அமராவதியிற் பௌத்தத் தூபியின் இடிபாடுகளை அகழ்ந்து, சிற்பம் பொறித்த கற்பலகைகள் பலவற்றைச் சென்னைக்கு அனுப்பினார். அவை 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டன. அங்கே அவை உரிய இடம்பெறாது கிடந்து, 1867-இல் பெர்கூசன் என்னும் அறிஞர் கண்ணிற்பட்டு, 1880-இல் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்தன. எலியட்டின் காசுகளும் பெரும்பாலும் அம்மியூசியத்திலேயே உள்ளன. நம் நாட்டில் அடித்த காசை நாம் காணக் கடல் கடக்க வேண்டுமோ என்று வருந்துவார் வருந்துதல் முறையே. எனினும் அமராவதியில் எஞ்சிய கற்கள் பல சுண்ணாம்புக் காளவாயில் நீறாயின என்பதும், தென்னாட்டிற் கிடைத்த பழங்காசுகளில் எண்ணிறந்தன தட்டார் உலையிலும் கன்னார் உலையிலும் உருகிக் குடமும் குத்துவிளக்குமாயின என்பதும் மறுக்கவொண்ணாதன. கொண்டு சென்றவரை மட்டும் குறை கூறி, உருக்கியவரைக் கூறாது விடுவது நடுவுநிலையாகாது. போற்றுவார் இல்லாத பொருள் எவ்வாற்றானும் போய்விடும். உள்ளூரிற் போற்றுவார் தோன்றுதலே அதற்கு மருந்து.

எலியட் 1860-இல் ஓய்வு பெற்று, ஸ்காத்லாந்தில் ராக்ஸ்பரோ மாவட்டத்து உல்ஃப்லீ என்னும் தம் இல்லம் சேர்ந்தார். 1866-இல் சர் பட்டம் பெற்றார். முதுமையில் அவர் கண்ணொளி குன்றி, இறுதியில் முற்றும் மறைந்தது. காசாராய்ச்சியோ கண்ணையே பெரிதும் வேண்டுவது. தேய்ந்த எழுத்தையும் சிறு குறியையும் காணவேண்டிய ஒருவர்க்கு அவ்விழப்பு எத்துணைக் கொடியது! அந்நிலையிலும் மனந்தளராது, வாழ்நாள் முழுதும் திரட்டிய செய்திகளை ஒழுங்குபடுத்தித் தென்னிந்தியக் காசுகள் என்னும் நூலை 1886-இல் வெளிவரச் செய்தார். சோழர் புலி, பாண்டியர் கயல், சேரர் வில் என்னும் இலச்சினைகள் உலோகத்திற் பதிந்து கிடப்பதை அந்நூலின் படங்களிற் காணலாம். சோழமண்டலக் கடற்கரையிற் கிடைத்த, இரு பாய்மரமுடைய கப்பல் பொறித்த காசுகளும் அந்நூலில் இடம்பெற்றன. அவற்றைப் பின்வந்த அறிஞர் சாதவாகனர்க்கு உரியனவாகக் கொண்டனர். முன்னோன் ஒருவன் தொகுத்து வைத்தமையாலன்றோ பின்னோர் திருத்த இயன்றது!

1887-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் காலையிலும் அவர் வாளாவிருக்கவில்லை. திருக்குறளை ஆங்கிலப்படுத்திய ஜி. யு. போப் ஐயருக்கு, அவருடைய குறட் பதிப்பைக் குறித்து ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்துத் தம் கையாலேயே ஒப்பமிட்டார். அன்று மாலை அமைதியாக உயிர் துறந்தார். தமிழ் மாணவராகிய நமக்கு இச்செய்தி உள்ளத்தை உருக்குவதாகும்.

அவர் நூல் வெளிவந்த பின் டப்னெல் என்னும் படைத்தலைவர் தென்னிந்தியாவிற் காசு தொகுப்பார்க்கென்றே ஒரு கையேட்டை 1889-இல் வெளியிட்டார். நம் திருச்சிராப்பள்ளி வழக்கறிஞராகிய தேசிகாசாரியார் 1933-இல் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி நூல் இயற்றினார். ஆகவே இத்துறை நம்மூர்க்குப் புதிதன்று.

எனினும், பொருளில்லாத மாணவர் எங்ஙனம் தொடங்குவது? சோழர் காசும் உரோமர் காசும் விலையாலும் போலியாலும் தொடக்கத்தார்க்கு ஏற்றனவல்ல. கருவூர்ப் பக்கங்களிற் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளுள் தைபீரியு இராயனுடையன மிகுதி; நம் வேதாகமத்தில் வரிப்பணமாகக் காட்டப்பட்ட காசு அவ்வகையினதே என்பர். அதனை மியூசியத்திற் கண்டு மகிழ்வோம். தொகுப்பதற்கோ பிரிட்டிஷார் அடித்த செப்புக் காசே நன்று. அதில் ஆண்டு உண்டு. படிக்கத்தக்க எழுத்து உண்டு. நம் பாட்டிமாரின் சுருக்குப் பையிலும் பரண்மேற் பெட்டியிலும் அது இன்றும் கிடைப்பதுண்டு.

கம்பெனியார் 1803-ஆம் ஆண்டு பொறித்துச் சென்னைக்கென இங்கிலாந்தில் அடிப்பித்த இருபது காசு, பத்துக் காசு, ஐந்து காசு, ஒரு காசு ஆகியவற்றின் ஒருபுறம் கம்பெனியின் இலச்சினையையும் மறுபுறம் பாரசீக எழுத்தையும் காணலாம். அக்காலத்தில் எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். ஆங்கிலேயர் காசைக் கேஷ் என்றும் பணத்தைப் பேனம் என்றும் வழங்கினர். நம் சொற்கள் அவர் நாணயத்தில் ஏறின என்பது சொல்லாராய்ச்சி செய்வார்க்கு இனிய செய்தி. 1808-ஆம் ஆண்டு பொறித்த காசுகளை ஏற்றிச் சென்னை நோக்கிப் புறப்பட்ட அட்மிரல் கார்டினர் என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மணல் திட்டில் மோதி மூழ்கிற்று. 1980-களில் அக்காசுகள் இலட்சக்கணக்கில் எடுக்கப்பட்டமையால், அவை இன்று எளிய விலைக்கே கிடைக்கின்றன.

1835-இல் நாடெங்கும் ஒரே வகை நாணயம் வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. இதன் பின்னர் வந்த காலணாக்களே மிகக் குறைந்த செலவில் ஒரு வரலாற்றைக் கையில் தருவன. கம்பெனி பெயர் தாங்கிய 1835-ஆம் ஆண்டுக் காலணா ஒன்று. அரசி என்று பொறித்த 1862-ஆம் ஆண்டு விக்டோரியாக் காலணா ஒன்று. 1877 முதல் சக்கரவர்த்தினி என்று பொறித்தது ஒன்று. ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் ஆகியோர் காசு ஒவ்வொன்று. போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் 1943-இல் தோன்றிய ஓட்டைக் காலணா ஒன்று. ஆக ஏழே காசில் 1835 முதல் 1947 வரையுள்ள ஆட்சி மாற்றம் முழுதும் அடங்கிவிடும். அவற்றை நிறுத்துப் பார்ப்பின் மற்றோர் உண்மையும் வெளிப்படும். செம்பாயிருந்த காலணா 1906-இல் வெண்கலமாகி எடை குறைந்தது. அரசின் நிதிநிலையைக் காசு பேசாமற் பேசுகின்றது.

தொகுப்பார் கைக்கொள்ள வேண்டுவன சில. புளியும் சாம்பலும் இட்டுக் காசைத் துலக்குதல் கூடாது. பித்தளைச் சொம்பு பளபளப்பது அழகு, பழங்காசு பளபளப்பது அழிவு. விளிம்பைப் பற்றியே எடுத்தல் வேண்டும். ஒவ்வொன்றையும் தனித் தாளுறையிலிட்டு, கிடைத்த இடம், நாள், எடை, விலை ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். கிடைத்த இடம் எழுதப்படாத காசு பாதி ஊமையே. கம்பெனிப் பெயரோடு இராமன் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்துக் கோயில் நகரங்களில் விற்கப்படும் பெருங்காசுகள் பிற்காலத்துப் போலிகள். கம்பெனியார் அத்தகைய காசு அடித்ததில்லை. மண்ணிற் புதையலாகக் கிடைப்பதைத் தமதாக்கிக் கொள்ளவுமாகாது. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி அதனைக் கலெக்டர்க்கு அறிவித்தல் கடன். 2020 பிப்ரவரியில் திருவானைக்காக் கோயில் வளாகத்திற் குழி தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவை அரசினரிடம் ஒப்படைக்கப்பட்டன. அதுவே நேரிய வழி.

எலியட்டுக்குப் பதவியும் பொருளும் ஆள்வலியும் இருந்தன. நமக்கு அவை இல்லை. ஆனால் அவர்க்கில்லாத ஒன்று நமக்குண்டு. இக்காசுகளை வழங்கிய மக்களின் பேரர் நாம். இவை பற்றிப் பேசும் முதியோர் நம் இல்லத்திலேயே இருக்கின்றனர். அணாக்கணக்கு 1957-இல் தசமக் கணக்காக மாறியது. காலணாவுக்கு என்ன வாங்கினோம் என்று தம் கையாற் கொடுத்து வாங்கிய நினைவோடு சொல்ல வல்லார் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். காசை நூறாண்டு கழித்தும் வாங்கலாம். அவர் சொல்லை அங்ஙனம் வாங்கவியலாது. ஆதலின் இவ்விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பழம்பெட்டியைத் திறந்து, அகப்படும் ஒரு காலணாவையேனும், அதனோடு ஒரு முதியவர் சொல்லையும் எழுதிக்கொண்டு மீள்வாராக.